கார் ஏ.சி.யில் கேஸ் எங்கே போகிறது?

வீட்டு ஃபிரிட்ஜுக்கு யாரும் ஆண்டுக்கொரு முறை கேஸ் நிரப்புவதில்லை. கடையிலிருந்து வந்த நாளில் உள்ளே இருந்த வாயுவை வைத்தே அது பதினைந்து, இருபது ஆண்டு ஓடிவிடும். வாசலில் நிற்கும் காருக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. சித்திரை பிறந்ததும் ஏ.சி. மெக்கானிக் கடைகளில் கார்கள் வரிசை கட்டிவிடும். “கேஸ் இறங்கிடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்” என்பார் மெக்கானிக். அடுத்த சித்திரையில் அதே கார், அதே கடை, அதே பதில்.

இறங்கிய கேஸ் எங்கே போனது, எந்த வழியாகப் போனது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அந்த வழி என்ஜினின் கீழ்ப்பக்கம் பெல்ட்டில் சுழன்றுகொண்டிருக்கும் கம்ப்ரசரில்தான் இருக்கிறது.

அறை ஏ.சி.யும் வண்டியும் அருகருகே தயாராகும் ஒரு பகுதியிலிருந்து இதைப் பார்க்கலாம். ஆந்திரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது வரதய்யபாளையம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பகுதி. தடா அருவி என்று சென்னைவாசிகள் சொல்லும் உப்பலமடுகு அருவிக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீசிட்டி தொழில்நகரம், சத்தியவேடு, வரதய்யபாளையம் ஆகிய இரண்டு மண்டலங்களில் பரந்து கிடக்கிறது. ஜப்பானின் டைக்கின் நிறுவனமும் நம்நாட்டு புளூ ஸ்டார் நிறுவனமும் அங்கே 2023-ல் ஏ.சி. தொழிற்சாலைகளைத் திறந்தன. அதே வளாகத்தில் 2016 ஏப்ரல் முதல் இசுசு நிறுவனம் பிக்கப் வண்டிகளைத் தயாரித்துவருகிறது.

அறையைக் குளிர்விக்கும் ஏ.சி.யும் வண்டியைக் குளிர்விக்கும் ஏ.சி.யும் ஒரே இயற்பியலில் இயங்குபவை. ஒன்று ஆண்டுக்கணக்கில் கசியாமல் ஓடுகிறது, மற்றொன்று கசிகிறது. கம்ப்ரசர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

வெப்பத்தைக் கடத்தும் வாயு

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் கையைத் துடைக்கும்போது சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாக வெப்பம் தேவை. அதைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கார் ஏ.சி. செய்வதும் அதுதான். ஆனால் ஆவியான பொருளைக் காற்றில் விட்டுவிடாமல், பிடித்து, மறுபடி திரவமாக்கி, மறுபடி ஆவியாக்குகிறது.

இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் அந்தப் பொருள் ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் இது குறைந்த அழுத்தத்தில் ஆவியாகிறது. காயில் மேல் வீசும் காற்று குளிர்கிறது. ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அமுக்குகிறது. அமுக்கப்பட்ட சூடான ஆவி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சரில் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. ட்ரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை வழியாக அது மறுபடி காயிலுக்குள் பீய்ச்சப்படுகிறது. சுற்று முடிந்தது.

சுற்றின் இரண்டு பக்கங்களுக்கும் அழுத்தத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ஏ.சி. நன்றாக ஓடும்போது லோ சைடில் கேஜ் சுமார் 30 பி.எஸ்.ஐ. காட்டும். கிட்டத்தட்ட கார் டயரில் இருக்கும் அழுத்தம். ஹை சைடில் கத்திரி வெயிலில் 200-ஐத் தாண்டும். இந்த வேறுபாட்டை உண்டாக்கித் தாங்குவதுதான் கம்ப்ரசரின் வேலை.

சுழலும் தண்டு, தேயும் சீல்

ஃபிரிட்ஜின் கம்ப்ரசரில் மோட்டாரும் பிஸ்டனும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். உள்ளே போவது மின்கம்பி மட்டும். அதிலிருந்து கிளம்பும் செப்புக் குழாய்களும் பற்றவைத்தவை. வாயு வெளியே வர வாசலே இல்லை.

கார் கம்ப்ரசருக்கு அந்த வசதி கிடையாது. அதைச் சுழற்றும் சக்தி என்ஜினிலிருந்து பெல்ட் வழியாக, வெளியிலிருந்து வரவேண்டும். அதனால் ஒரு இரும்புத் தண்டு கம்ப்ரசரின் உள்ளிருந்து கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் மேக்னட் கிளட்ச்சும் புல்லியும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலும் அந்தத் தண்டுக்கும் அசையாத கூட்டுக்கும் நடுவே வாயுவைத் தடுத்து நிறுத்துவது ஒரு மெல்லிய சீல். ஏ.சி. ஓடும்போது வாயுவோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய் அந்தச் சீலை ஈரமாக வைத்திருக்கும். மாதக்கணக்கில் ஏ.சி.யைப் போடாமல் விட்டால் சீல் உலர்ந்து இறுகும். அதற்கப்புறம் கசியத் தொடங்கும். மழைக்காலத்திலும் வாரத்துக்கொரு முறை பத்து நிமிடமாவது ஏ.சி.யை ஓடவிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தண்டு சீல் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. கம்ப்ரசரின் அலுமினியக் கூடு இரண்டு மூன்று துண்டுகளாக வார்க்கப்பட்டு, இடையில் ஓ ரிங் வைத்து நீள போல்ட்டுகளால் இறுக்கப்பட்டது. அந்த மூட்டுகளும் கசியும். என்ஜின் ஆடும், சேஸிஸில் நிற்கும் கண்டன்சர் அந்த ஆட்டம் ஆடாது. இரண்டையும் செப்புக் குழாயால் இணைத்தால் முறிந்துவிடும் என்பதால் நடுவே ரப்பர் ஹோஸ் வைத்திருக்கிறார்கள். உட்புறம் நைலான் பூசியிருந்தாலும் ரப்பர் வழியாக வாயு மிக மெதுவாக ஊடுருவிப் போகும். ஆக, முழு ஆரோக்கியமான கார் ஏ.சி.யும் ஆண்டுக்குச் சில கிராம் வாயுவை இழக்கத்தான் செய்யும். ஆனால் ஒரே கோடையில் காலியாகிறது என்றால் அது இயல்பான இழப்பு அன்று, பழுது.

காரில் முதன்முதலாக ஏ.சி. வைத்தபோது இந்தத் தண்டுக்குக் கிளட்ச்கூடக் கிடையாது. 1939 நவம்பரில் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் சிகாகோவில் காட்சிக்கு வைத்த காரில் கூலிங் காயில் பின்பக்க டிக்கியை அடைத்துக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் என்ஜினோடு எந்நேரமும் சுற்றியது. குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்றவேண்டும். இரண்டே ஆண்டில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பின்னாளில் வந்த மேக்னட் கிளட்ச் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. தண்டும் சீலும் மட்டும் அப்படியே தங்கிவிட்டன.

கசிவைக் கண்டுபிடிப்பது

கம்ப்ரசர் கசிகிறதா என்று தெரிந்துகொள்ள முதல் கருவி கண்தான். டார்ச் அடித்துக் கிளட்ச்சின் பின்புறத்தையும் கூட்டின் மூட்டுகளையும் பார்க்கவேண்டும். வாயு வெளியேறும்போது கூடவே கொஞ்சம் எண்ணெயும் வரும். வாயு பறந்துவிடும், எண்ணெய் அங்கேயே தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கம்ப்ரசரின் மற்ற பகுதியெல்லாம் சாம்பல் நிறத்தில் உலர்ந்திருக்க, புல்லியை ஒட்டி மட்டும் கறுப்பாக, விரலால் தொட்டால் பிசுபிசுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் தண்டு சீல் போய்விட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால் சோப்பு நுரை, எலக்ட்ரானிக் லீக் டிடெக்டர், புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும் சாயம் எனப் பிற வழிகள் உண்டு.

கேஜை மட்டும் பார்த்துக் கேஸ் “பாதி இருக்கு, முக்கால் இருக்கு” என்று சொல்வதை நம்பக்கூடாது. என்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் ஆன பிறகு, வெளியே 35 டிகிரி வெப்பம் இருந்தால், ஆர்-134ஏ இருக்கும் எந்த மூடிய அமைப்பும் சுமார் 115 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் 115. பாதிக்கு மேல் கசிந்து 200 கிராம் இருந்தாலும் 115. ஒரு பொருளின் திரவமும் ஆவியும் ஒன்றாக அடைபட்டிருக்கும்போது, அழுத்தத்தை முடிவுசெய்வது வெப்பநிலை மட்டுமே. அளவுக்கு அதில் பங்கில்லை. சமையல் எரிவாயு சிலிண்டரிலும் இதே கதைதான். அதனால்தான் சிலிண்டரை எடைபோட்டுத் தருகிறார்கள். கேஜ் முள் அந்த 115-க்கும் நன்றாகக் கீழே இறங்கிவிட்டால், உள்ளே திரவமே மிஞ்சவில்லை, வெறும் ஆவிதான் என்று அறியலாம்.

ஸ்பேனர் வேலை எவ்வளவு?

கசிவது கம்ப்ரசர்தான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி: இதை வீட்டிலேயே மாற்ற முடியுமா? அமெரிக்காவில் தங்கள் கராஜிலேயே கம்ப்ரசர் மாற்றுகிறவர்கள் நிறைய. நம் ஊரிலும் கைவேலை தெரிந்தவர்கள் இணையத்தில் உதிரிபாகம் வாங்கி இறங்கிப் பார்க்கிறார்கள். போல்ட் கணக்கு மட்டும் பார்த்தால் வேலை எளிது. பேட்டரியின் நெகட்டிவ் கழற்றவேண்டும். பெல்ட் எந்தப் புல்லியில் எப்படிச் சுற்றிப் போகிறது என்று படம் எடுத்துக்கொண்டு, டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை உருவவேண்டும். கிளட்ச்சின் மின் இணைப்பைப் பிடுங்கி, இரண்டு குழாய்களைக் கழற்றி, கம்ப்ரசரைப் பிடித்திருக்கும் மூன்று நான்கு போல்ட்டுகளை எடுத்தால் கம்ப்ரசர் கைக்கு வந்துவிடும்.

பல கார்களில் இது வண்டிக்கு அடியிலிருந்து செய்யவேண்டிய வேலை. வெறும் ஜாக்கியை நம்பி ஒருவரும் அடியில் படுக்கக்கூடாது; ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். சில கிலோ எடையுள்ள கம்ப்ரசர் கடைசி போல்ட் வந்ததும் சட்டென்று இறங்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடியக்கூடியவை. ஆனால் கம்ப்ரசர் மாற்றுவதில் போல்ட் வேலை கால் பங்குதான். மிச்சம் முக்கால் பங்கும் கண்ணுக்குத் தெரியாத மூன்று பொருள்களோடு நடக்கும் போராட்டம்: வாயு, எண்ணெய், ஈரம்.

முதல் ஆபத்து வாயு. குழாயைக் கழற்றும் முன்பே உள்ளே இருப்பதை ரெகவரி மெஷின் மூலம் சிலிண்டருக்கு இழுத்துவிடவேண்டும். அழுத்தத்தோடு இருக்கும் குழாயை லூஸ் செய்தால் திரவம் பீறிட்டு வரும். தோலிலோ கண்ணிலோ பட்ட இடத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதித்து, சதையை உறையவைத்துவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாத வேலை இது. தீச்சுடரில் இந்த வாயு பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற கொடிய நச்சு உண்டாகும். அதனால் பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடாது. அடைத்த ஷெட்டும் கூடாது.

அடுத்தது எண்ணெய். ஆர்-134ஏ காரில் பெரும்பாலும் பி.ஏ.ஜி. என்னும் செயற்கை எண்ணெய் இருக்கும். அதிலும் 46, 100, 150 என்று தடிமன் வேறுபடும். கம்ப்ரசரின் லேபிளில் எது எழுதியிருக்கிறதோ அதுதான். சிறிய காரின் மொத்த அமைப்பிலும் இருப்பது ஏறத்தாழ நூறு, நூற்றைம்பது மில்லிதான். அதில் ஒரு பகுதி கம்ப்ரசரிலும், மிச்சம் காயில், கண்டன்சர், ட்ரையரிலும் பரவியிருக்கும். புதிய கம்ப்ரசர்கள் பல, முழு அமைப்புக்கும் தேவையான எண்ணெயோடு வருகின்றன. அதை அப்படியே மாட்டினால் எண்ணெய் மிகுந்து, காயிலின் உட்சுவரில் படிந்து குளிரைக் குறைக்கும். குறைந்தாலோ பிஸ்டன் உரசித் தேயும். பழைய கம்ப்ரசரைக் கவிழ்த்து, வடியும் எண்ணெயை அளவுக் குவளையில் பிடித்து, அந்த அளவை ஒட்டிப் புதியதில் வைப்பது வழக்கம். வடிந்த எண்ணெயின் நிறத்தையும் பார்க்கவேண்டும். தெளிவாகவோ, இளம் மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. கறுத்து, வெளிச்சத்தில் வெள்ளித் துகள் மின்னினால் கம்ப்ரசர் கசிந்தது மட்டுமில்லை, உள்ளே அரைத்தும்விட்டது. அந்த உலோகத்தூள் கண்டன்சரின் நுண்ணிய குழாய்களில் போய் அடைத்திருக்கும். இக்காலக் கண்டன்சரை எதைக் கொண்டும் முழுதாகக் கழுவ முடியாது, அதையும் மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டவர்களின் புதிய கம்ப்ரசர் சில மாதங்களில் அதே தூளைத் தின்று செத்திருக்கிறது.

ஈரத்தை எப்படி வெளியேற்றுவது?

மூன்றாவது எதிரி ஈரம். வரதய்யபாளையம் பகுதியில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதற்கப்பால் கடலும் இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரப்பதம் உண்டு. பி.ஏ.ஜி. எண்ணெய்க்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் அதிகம். மூடி திறந்த பாட்டில் சில மணி நேரத்தில் காற்றின் நீரைக் குடித்துவிடும். அதனால்தான் கழற்றிய குழாய் வாய்களை அப்போதே பிளாஸ்டிக் மூடியால் அடைக்கச் சொல்கிறார்கள். காற்று பட்ட ட்ரையரைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது. கம்ப்ரசர் மாற்றும்போது ட்ரையரையும் மாற்றுவது விதி. பல கம்பெனிகள் புதிய கம்ப்ரசருக்கு வாரண்டி தர இதை நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன.

உள்ளே போன ஈரம் இரண்டு வேலை செய்யும். எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். அப்போது ஏ.சி. சிறிது நேரம் குளிரும், நின்றுவிடும், கட்டி உருகியதும் மறுபடி குளிரும். வண்டிக்காரர் மின் இணைப்பில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டாவது வேலை மெதுவானது: வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும்.

இந்த ஈரத்தைத் துணியால் துடைக்க முடியாது. கொதிக்கவைத்துத்தான் எடுக்கவேண்டும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அழுத்தத்தை 32 மில்லிமீட்டருக்கு இறக்கினால் அதே நீர் 30 டிகிரியிலேயே கொதித்துவிடும். வேக்கம் பம்ப்பின் வேலை இதுதான். குழாய்க்குள் வெற்றிடம் உண்டாக்கி, ஒட்டியிருக்கும் நீரை அறை வெப்பத்திலேயே ஆவியாக்கி வெளியே இழுக்கிறது. முப்பது நிமிடம் குறைந்தபட்சம். ஈரம் மிகுந்த நாளில் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஓடவிடவேண்டும். பிறகு வால்வை மூடிவிட்டுப் பதினைந்து நிமிடம் கேஜ் முள்ளையே பார்க்கவேண்டும். முள் அசையவில்லை என்றால் அமைப்பு இறுக்கமாக இருக்கிறது. நகர்ந்து ஏறினால் எங்கோ கசிவு, அல்லது உள்ளே இன்னும் நீர். ஐந்து நிமிடம் பம்ப்பை ஓட்டிவிட்டு “வேக்கம் போட்டாச்சு” என்று கேஸ் ஏற்றுவது வெறும் கணக்குக்குச் செய்வது.

இதற்கிடையில் சின்ன விஷயங்கள் சில. குழாய் மூட்டுகளில் பழைய ஓ ரிங்கைத் திரும்ப மாட்டக்கூடாது. ஆர்-134ஏ-க்கு ஏற்ற ரப்பரில் செய்த புதிய ஓ ரிங்கை எண்ணெயில் தோய்த்து வைக்கவேண்டும். உலர்ந்த ஓ ரிங் இறுக்கும்போதே பிய்ந்துவிடும். என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்ச்சின் முகப்பைக் கையால் பத்து சுற்றாவது சுழற்றவேண்டும். கம்ப்ரசரின் சிலிண்டருக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் அது இப்படி மெதுவாக வெளியேறிவிடும். திரவத்தை அமுக்க முடியாது. சுழற்றாமல் ஸ்டார்ட் செய்தால் முதல் நொடியிலேயே வால்வு உடையலாம்.

எடை போட்டு நிரப்புவது

எவ்வளவு கேஸ் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராமில் எழுதியிருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம் வரை. சிலிண்டரை டிஜிட்டல் தராசில் வைத்து, அந்தக் கிராம் குறையும்வரை ஏற்றவேண்டும். கூடுதலாகப் போட்டால் கூடுதலாகக் குளிரும் என்பது பொய். மிகுந்த திரவம் கண்டன்சரில் தேங்கி, ஹை சைடு அழுத்தத்தை ஏற்றி, குளிரைக் குறைக்கும், கம்ப்ரசருக்கும் கேடு. என்ஜின் ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறந்து கேஸ் ஏற்றவே கூடாது. அந்தப் பக்கத்து அழுத்தம் கேஸ் அடைத்த சிறிய டின்னுக்குள் திரும்பிப் பாய்ந்தால் டின் வெடிக்கும்.

டின்னுக்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 2011-ல் சரக்குக் கப்பல்களில் போய்வரும் குளிரூட்டப்பட்ட கண்டெய்னர்கள் சில திடீரென வெடித்தன. தொழிலாளர் மூவர் இறந்தார்கள். வியட்நாமில் பழுதுபார்த்தபோது அவற்றில் ஆர்-134ஏ என்ற பெயரில் போலி வாயு ஏற்றப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதில் கலந்திருந்தது மெத்தில் குளோரைடு. அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கியிருந்தது. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கண்டெய்னர்கள் சோதனைக்காக ஓரம் கட்டப்பட்டன. விலை மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத டின்னை வாங்குகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டிய நிகழ்ச்சி இது. எல்.பி.ஜி. கலந்த மாற்று வாயுவை ஏற்றுவதும் அதே அளவு ஆபத்து. காயில் கசிந்தால் எரிவாயு நேராகக் காருக்குள்ளேதான் வரும்.

காற்றில் கலந்த பிறகு

கசிந்த கேஸ் காற்றில் கலந்து மறைந்துவிடுகிறது என்றுதான் பலகாலம் உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. 1928-ல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கிய சி.எஃப்.சி. குடும்பத்து வாயுக்கள் எரியாதவை, நஞ்சில்லாதவை. கார் ஏ.சி.யில் பல பத்தாண்டுகள் அவற்றில் ஒன்றான ஆர்-12 ஓடியது. 1974-ல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் இந்த வாயுக்கள் மேல் வளிமண்டலத்துக்குப் போய் ஓசோனைச் சிதைக்கும் என்று காட்டினார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1995-ல் இருவருக்கும் பால் குரூட்ஸனோடு சேர்த்து நோபல் பரிசு. இந்தியாவில் சி.எஃப்.சி. தயாரித்த நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூரில் இருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். 2008 ஆகஸ்டோடு நாட்டில் அந்த உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கில்லாடி. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு காரில் இருக்கும் 500 கிராம் முழுதும் காற்றில் போனால் அது 715 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர் ஓடினால்தான் 715 கிலோ புகையைக் கக்கும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்கு தடவை போய்த் திரும்பும் தூரம் அது. கசியும் சீலை மாற்றாமல் ஆண்டுதோறும் “ஃபில்” பண்ணும் கார், ஆண்டுதோறும் அந்தப் பயணத்தை நின்ற இடத்திலேயே செய்துமுடிக்கிறது.

2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் எட்டிய உடன்பாட்டை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. இதன்படி ஆர்-134ஏ வகை வாயுக்களின் பயன்பாட்டை 2028-ல் உச்சவரம்பில் நிறுத்தி, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்கவேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ-க்கு இடமில்லை. புவியைச் சூடாக்கும் திறன் மிகக் குறைவான ஆர்-1234ஒய்எஃப் அங்கே ஓடுகிறது. இது சற்றே எரியக்கூடியது. பழைய காரில் மாற்றி ஊற்றக்கூடாது என்பதற்காகவே இதன் வால்வு வாய்களை வேறு அளவில் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்-134ஏ-வை வேண்டுமென்றே காற்றில் விடுவது 1995 முதல் குற்றம்; கூலிக்குக் கார் ஏ.சி. பார்ப்பவருக்குச் சான்றிதழ் கட்டாயம். 2019-ல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டமும் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தர இலக்கு வைத்தது. ஆனாலும் ரெகவரி மெஷின் இல்லாத சிறு கடைகளில் வால்வு ஊசியை அமுக்கிக் கேஸைக் காற்றில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது இன்றும் சாதாரணம். புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் 2025-ல் ஏ.சி. கட்டாயமாகிவிட்டது. தடா வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் வெக்கையில் ஓட்டும் டிரைவர்களுக்கு இது நெடுநாள் கழித்துக் கிடைத்த நியாயம். கூடவே கசியக்கூடிய சீல்களின் எண்ணிக்கையும் ஏறப்போகிறது.

தண்டு சீல் சிக்கலுக்கு நிரந்தர முடிவு மின்கார்களில் வந்திருக்கிறது. அங்கே பெல்ட் இல்லை. மோட்டார் கம்ப்ரசரின் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஃபிரிட்ஜில் இருப்பதைப் போலவே. வெளியே நீட்டும் தண்டு ஒழிந்தது. ஆனால் அந்த மோட்டாருக்குப் போவது சில நூறு வோல்ட் மின்சாரம். வாயுவோடு சுற்றும் எண்ணெய் மோட்டார் சுருளையும் நனைப்பதால், மின்சாரத்தைக் கடத்தாத வேறு வகை எண்ணெய்தான் அதில் ஊற்றவேண்டும். சாதாரண பி.ஏ.ஜி. கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெட்டு வண்டியே நின்றுபோகலாம். ஆரஞ்சு நிறக் கேபிள் போகும் கம்ப்ரசரை வீட்டில் யாரும் தொடக்கூடாது.

பெட்ரோல், டீசல் கார்களுக்கு நடைமுறையான தீர்ப்பு இதுதான். கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் கம்ப்ரசரைக் கழற்றி மாட்டுவதை வீட்டிலேயே செய்யலாம். அதற்கு முன் கேஸை எடுப்பதும், அதற்குப் பின் வேக்கம் போட்டு நிரப்புவதும் ரெகவரி மெஷினும் தராசும் உள்ள கடையில்தான் நடக்கவேண்டும். வேலையைக் கடைக்கே விடுகிறவர்கள் நான்கு கேள்வி கேட்டால் போதும்: கசிவு எந்த இடத்தில்? ட்ரையரையும் மாற்றுகிறீர்களா? வேக்கம் எவ்வளவு நேரம் ஓடும்? ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குக்குத்தான் கேஸ் ஏற்றுகிறீர்களா? முதல் கேள்விக்குப் பதில் தெரியாமலே சிலிண்டரை மாட்டுகிற கடையில் பணம் கொடுக்காதீர்கள். வண்டியை வேறு கடைக்கு ஓட்டிச் செல்லுங்கள்.